தோலோடு அவிக்கும் பச்சைச் சோயா (எடமாமே): விற்கும் முன் வணிகர் அறிய வேண்டியவை

மளிகைக் கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் நாளுக்கு நாள் புதிய பெயர்களைச் சொல்லிப் பொருள் கேட்கிறார்கள். அவற்றுள் ஒன்று ‘எடமாமே’. வெளிநாடு சென்று வந்தவர்கள் கேட்கிறார்கள். உணவு விடுதியில் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் கேட்கிறார்கள். ‘புரதம் அதிகம் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற ஆலோசனையைக் கேட்டவர்களும் கேட்கிறார்கள். பெரிய நகரங்களில் குளிர்ப்பெட்டி வைத்திருக்கும் கடைகளில் இது பாக்கெட்டுகளாக வந்துவிட்டது.

கேட்பவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? ‘சோயா தானே, இருக்கிறது’ என்று மூட்டையிலிருந்து காய்ந்த சோயாவை அளந்து கொடுப்பவர்களும் உண்டு. சோயா உருண்டைப் பாக்கெட்டை எடுத்து நீட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே தவறான சரக்கு. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் அவித்துப் பார்த்து ஏமாந்தால், குறை கடையின் பெயருக்குத்தான். அதைவிட முக்கியமாக, சோயாவைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் வயிற்றுக்குக் கேடு. சிலருக்குச் சோயாவே ஒவ்வாது. ஆகவே இந்தச் சரக்கைப் பற்றிய அடிப்படை விவரங்களை வணிகர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பெயரும் பொருளும்

எடமாமே என்பது ஜப்பானியச் சொல். ‘எட’ என்றால் கிளை; ‘மாமே’ என்றால் பயறு. செடியைக் கிளையோடு அறுத்து, காய்களைப் பறிக்காமல் அப்படியே விற்றதால் ‘கிளைப்பயறு’ என்று பெயர் வந்தது. சீனர்கள் இதை ‘மாவ்தோவ்’ என்பார்கள்; ‘மயிர்ப்பயறு’ என்று பொருள். காயின் மேல் மெல்லிய சுணை இருப்பதே காரணம்.

இது தனிச் செடி அல்ல. நம் ஊர் மூட்டையில் வரும் அதே சோயாதான். முற்றிக் காய்வதற்கு முன், காய் பச்சையாகவும் உள்ளே பருப்பு நன்றாகத் திரண்டும் இருக்கும் பருவத்தில் பறித்தால் அது எடமாமே. செடியிலேயே விட்டு மஞ்சளாகி, இலை உதிர்ந்து, காய் காய்ந்தபின் அடித்து எடுத்தால் அது சோயாப் பயறு. பச்சைப் பட்டாணிக்கும் காய்ந்த பட்டாணிக்கும் உள்ள உறவைப் போன்றது இது. பச்சை மொச்சையையும் பச்சைத் துவரையையும் தோலோடு உப்புப் போட்டு அவித்து உரித்துத் தின்று பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்வது கடினம் அல்ல. ‘மொச்சைக்காய் அவிப்பது போல அவிக்கும் சோயாக்காய்’ என்று ஒரே வரியில் சொன்னால் எந்த வாடிக்கையாளருக்கும் புரிந்துவிடும்.

மூட்டைச் சோயாவும் இதுவும் ஒன்றல்ல

காய்ந்த சோயாவை இரவு முழுக்க ஊறவைத்தால் எடமாமே ஆகிவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. பயறு முற்றும்போது அதிலுள்ள இனிப்பு குறைகிறது, பச்சை நிறம் போய்விடுகிறது, தோல் கெட்டியாகிறது. ஊறவைப்பதால் தண்ணீர் திரும்ப ஏறுமே தவிர, போன இனிப்பும் நிறமும் திரும்ப வரா. அதோடு, காய்ந்த சோயாவைப் பல மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் நன்றாக வேகவைக்க வேண்டும். எடமாமே சில நிமிடங்களில் வெந்துவிடும்.

ரகத்திலும் வேறுபாடு உண்டு. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் பெருமளவில் விளையும் சோயா எண்ணெய்க்காகவும் பிண்ணாக்குக்காகவும் விளைவிக்கப்படுவது. அதன் மணி சிறியது. எடமாமேக்கு என்றே தேர்ந்தெடுத்த காய்கறி ரகங்களின் மணி பெரியது. காய்ந்த நிலையில் நூறு மணி எடுத்து நிறுத்தால் 30 கிராமுக்கு மேல் இருக்கும். சாதாரண ரகத்தில் இதில் பாதிகூட இருக்காது. இனிப்பும் காய்கறி ரகத்தில் கூடுதல். பச்சை வாடை குறைவு. சாதாரண ரகத்தின் பச்சைக்காயையும் அவித்துத் தின்னலாம், கெடுதல் இல்லை. ஆனால் அந்தச் சுவை வராது.

நம் நாட்டிலும் காய்கறிச் சோயா ரகங்கள் உண்டு. ராஞ்சியில் உள்ள மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி மையம் வெளியிட்ட ‘ஸ்வர்ண வசுந்தரா’ அவற்றுள் ஒன்று. ஆகவே இது இறக்குமதியாக மட்டுமே வரக்கூடிய சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை. விவசாயி துணிந்து பயிரிட்டு, வாங்கும் கையும் இருந்தால் உள்ளூரிலேயே கிடைக்கக்கூடிய பொருள்தான்.

பழைய பழக்கம், புதிய வணிகம்

ஜப்பானில் இது நேற்று வந்த பண்டம் அல்ல. 1275ஆம் ஆண்டில் நிச்சிரென் என்னும் பௌத்தத் துறவி, தமக்கு எடமாமே கொடுத்தவருக்கு நன்றி தெரிவித்து எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. பின்னாளில் இன்றைய டோக்கியோவான எடோ நகரத் தெருக்களில் கிளையோடு அவித்த சோயாக்காயைக் கூவி விற்றார்கள். நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அவித்த நிலக்கடலை விற்பது போன்ற வியாபாரம்தான் அது.

இன்றும் அங்கே கோடை மாலைகளில் மதுக்கடைகளில் முதலில் மேசைக்கு வருவது உப்புத் தூவிய எடமாமே தட்டுத்தான். வீடுகளில் குழந்தைகளுக்கு மாலைச் சிற்றுண்டியாகவும் கொடுக்கிறார்கள். ஊருக்கு ஊர் பெயர் பெற்ற ரகங்கள் உண்டு. யமகதா மாவட்டத்துத் த்சுருஓக்காவின் ‘தாதசாமாமே’ மணத்துக்குப் பெயர் போனது. தம்பா பகுதியின் கறுப்புச் சோயா அக்டோபர் மாதத்தில் சில வாரங்கள் மட்டும் பச்சையாகக் கிடைக்கும். அதற்காகவே காத்திருந்து வாங்குகிறார்கள். செண்டாய் நகரத்தில் பருப்பை அவித்து இடித்து, சர்க்கரை சேர்த்து, பச்சை நிறப் பூரணமாக்கி அரிசிக் கொழுக்கட்டை மேல் தடவிக் கொடுக்கிறார்கள். இதற்கு ‘சுந்தா’ என்று பெயர்.

ஜப்பானில் விளைவது போதாமல் தைவானிலிருந்து உறையவைத்த எடமாமே பெருமளவில் போகிறது. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இந்தப் பயிரில் நீண்ட காலமாக உழைத்து வருகிறது. அங்கிருந்து கிடைத்த வித்துகளிலிருந்து பல நாடுகளில் ரகங்கள் வெளியாகியுள்ளன. சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளும் ஏற்றுமதி செய்கின்றன. பறித்த சில மணி நேரத்தில் கழுவி, கொதிநீரிலோ ஆவியிலோ சிறிது நேரம் வாட்டி, உடனே உறையவைப்பதே இந்த வணிகத்தின் அடித்தளம். காரணம், பறித்த நேரம் முதலே காயின் இனிப்பு குறையத் தொடங்கிவிடும். காலையில் பறித்த காய்க்கும் இரண்டு நாள் வெளியில் கிடந்த காய்க்கும் சுவையில் நல்ல வித்தியாசம் தெரியும்.

வீட்டில் அவிக்கும் முறை

வாடிக்கையாளர் கேட்டால் சொல்லத்தக்க எளிய முறையைக் கீழே தருகிறோம்.

பச்சைக்காய் கிடைத்தால்: கால் கிலோ காய்க்கு ஒரு லிட்டர் தண்ணீர், சுமார் 40 கிராம் உப்பு போதும். காயின் காம்புப் பக்கத்து முனையைக் கத்தரிக்கோலால் சிறிது நறுக்கிவிட வேண்டும். அப்போதுதான் உப்பு உள்ளே இறங்கும். உப்பில் ஒரு பங்கை எடுத்துக் காய்களின் மேல் போட்டுக் கையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். சுணை போகும், நிறமும் நன்றாக நிற்கும். மீதி உப்பைத் தண்ணீரில் போட்டு, நன்றாகக் கொதி வந்தபின் காயைக் கழுவாமல் அப்படியே போட வேண்டும். மூடி போடாமல் நான்கைந்து நிமிடம் வேகவிட்டு ஒரு காயை எடுத்துப் பிதுக்கிப் பார்க்க வேண்டும். பருப்பு மெத்தென்று, ஆனால் குழையாமல் இருந்தால் பதம். வடிகட்டித் தட்டில் பரப்பி விசிறியால் ஆற்றினால் போதும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நீர் கோத்துச் சப்பென்று ஆகிவிடும்.

உறையவைத்த பாக்கெட் என்றால்: இது ஏற்கெனவே அரைப்பதமோ முக்கால் பதமோ வாட்டியது. உருகவிட வேண்டியதில்லை. கொதிக்கும் உப்பு நீரில் நேராகப் போட்டு மூன்று நான்கு நிமிடம் வைத்தால் போதும். சில பாக்கெட்டுகள் முழுதும் வெந்தவை. சில வேகவைத்தே உண்ண வேண்டியவை. ஆகவே பாக்கெட்டின் பின்புறக் குறிப்பைப் படித்து அதன்படி செய்யச் சொல்வதே முறை. சந்தேகம் இருந்தால் சூடாக வேகவைத்துத் தின்னச் சொல்லுங்கள்.

குக்கர் வேண்டாம். ஒரு விசிலிலேயே காய் குழைந்து நிறம் கெட்டுவிடும். மூடி போட்டு வேகவைத்தாலும் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகும். நிறத்துக்காகச் சமையல் சோடா போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது காயைக் கூழாக்கும், சத்தையும் குறைக்கும்.

உண்ணும் முறை: தோலைத் தின்னக் கூடாது, நாரும் சுணையுமாக இருக்கும். காயை வாயருகே வைத்து விரலால் அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வரும். மேல்தோலில் உள்ள உப்பு உதட்டில் படுவதே தனிச் சுவை. தோல் போட ஒரு காலிக் கிண்ணம் வைக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். மிகச் சிறு குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கக்கூடும். மசித்தே கொடுக்க வேண்டும்.

நம் சமையலில்: உரித்த பருப்பைப் பச்சைப் பட்டாணி போடும் எல்லா இடத்திலும் போடலாம். குருமா, புலாவ், உப்புமா எல்லாவற்றுக்கும் பொருந்தும். தேங்காய், பச்சைமிளகாய், கடுகு தாளித்துச் சுண்டல் செய்தால் நன்றாக இருக்கும். கத்தரிக்காயோடு சேர்த்து மொச்சைக் குழம்பு வைப்பது போலக் குழம்பும் வைக்கலாம். எதிலும் கடைசியாகப் போட்டுச் சிறிது நேரம் மட்டும் கொதிக்கவிட வேண்டும். பச்சையான பருப்பாக இருந்தால் முதலில் தனியே அவித்துக்கொள்ள வேண்டும்.

சத்து: சொல்ல வேண்டியதும் கூடாததும்

வேகவைத்து உரித்த 100 கிராம் பருப்பில் சுமார் 11 முதல் 12 கிராம் புரதமும் 5 கிராம் அளவு நார்ச்சத்தும் 5 கிராம் அளவு கொழுப்பும் உள்ளன. ஏறத்தாழ 120 கலோரி கிடைக்கும். ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தும் நிறைய உண்டு. காய்ந்த சோயாவில் 100 கிராமுக்குச் சுமார் 36 கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கணக்கை இதற்குச் சொல்லி விற்கக் கூடாது. பச்சைப் பருப்பில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே எண்ணிக்கை குறையும்.

‘இதைத் தின்றால் இதய நோய் வராது, சர்க்கரை இறங்கும்’ என்றெல்லாம் வாய்வழி உறுதி கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். சோயாப் புரதம் இதயத்துக்கு நல்லது என்று உணவுப் பாக்கெட்டில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999இல் அனுமதி கொடுத்தது. அதே நிர்வாகமே, சான்றுகள் ஒருமுகமாக இல்லை என்று சொல்லி, அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம் என 2017இல் முன்மொழிந்தது. அரசு அமைப்பே மறுபரிசீலனை செய்யும் விஷயத்தில் கடைக்காரர் உறுதி கொடுப்பது தகாது. ‘நல்ல புரதம் உள்ள பயறு, மற்றப் பயறு போலச் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால் போதும், அது உண்மை.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: சோயாவைப் பச்சையாகத் தின்னக் கூடாது. நாம் உண்ட புரதத்தைச் செரிக்க உடல் டிரிப்சின் என்னும் நொதியைச் சுரக்கிறது. பச்சைச் சோயாவில் அதன் வேலையைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அதன் வீரியம் பெரிதும் அடங்கிவிடும். பச்சைப் பட்டாணியை உரித்து வாயில் போட்டுக்கொள்வது போல இதைச் செய்தால் வயிற்று உபத்திரவம் வரும். குழந்தைகளோடு வரும் வாடிக்கையாளருக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரண்டு: ஒவ்வாமை. சிலருக்குச் சோயா ஒத்துக்கொள்ளாது. உடம்பில் தடிப்பு, வாயிலும் உதட்டிலும் வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் வரை போகலாம். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு உணவு முத்திரைச் சீட்டு விதிகளில், ஒவ்வாமை தரக்கூடியவை என்று கட்டாயம் அறிவிக்க வேண்டிய பொருள்களில் பால், முட்டை, மீன், நிலக்கடலை ஆகியவற்றோடு சோயாவும் இருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்துச் சில்லறையாக விற்றால் அந்த எச்சரிக்கை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் போகும். ‘எடமாமே’ என்ற பெயரில் சோயா என்ற சொல்லே இல்லை என்பதை மறக்கக் கூடாது. சோயா ஆகாத பிள்ளையின் தாய், இது வேறு ஏதோ பயறு என்று நம்பி வாங்கிப்போக வாய்ப்பு உண்டு. கடையில் எழுதி வைக்கும்போது ‘எடமாமே (பச்சைச் சோயா)’ என்று சேர்த்தே எழுதுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரை வேளையோடு சோயாவைச் சேர்க்காமல் இருப்பது பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லலாம்.

மூன்று: விதைச் சோயா. விதைப்புக்கென்று வரும் சோயாவில் பூஞ்சைக்கொல்லி மருந்து பூசியிருப்பார்கள். உரம், விதை, மளிகை மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் கடைகளில் இது உணவுச் சரக்கோடு கலக்கவே கூடாது. மருந்து பூசிய விதையை எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு ஆகாது.

கொள்முதலும் பராமரிப்பும்

உறையவைத்த எடமாமே வாங்கி வைப்பதாக இருந்தால் மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே குளிர் நிற்கும் பெட்டி வேண்டும். குளிர்பானப் பெட்டியில் வைத்தால் சரக்கு கெடும். சரக்கு இறங்கும்போது பாக்கெட்டைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். காய்கள் தனித்தனியாக உருண்டால் நல்ல சரக்கு. ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே பனித்துகள் நிறைந்திருந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அறிக. அதைத் திருப்பி அனுப்புங்கள். சரக்கை இறக்கித் தரையில் வைத்துவிட்டுப் பில் பார்ப்பது கூடாது. பெட்டிக்குள் வைத்தபின் பில் பார்க்கலாம்.

மின்வெட்டின்போது பெட்டியை அடிக்கடித் திறக்கக் கூடாது. முழுதும் உருகிவிட்ட பாக்கெட்டைத் திரும்ப உறையவைத்து விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். கிருமி பெருகவும் இடம் தரும். பாக்கெட்டில் உணவு உரிம எண், உற்பத்தி நாள், காலாவதி நாள், நிகர எடை, இறக்குமதிச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்குங்கள்.

பச்சைக்காய் கிடைத்தால் பளிச்சென்ற பச்சையாக, பருப்பு புடைத்துக்கொண்டு, காய்க்கு இரண்டு மூன்று மணி உள்ளதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மஞ்சள் தட்டிய காய் முற்றியது. கிளையோடு இருந்தால் வாட்டம் குறைவு. அன்றன்றே விற்றுத் தீர்க்கும் அளவுக்கு மட்டும் வாங்க வேண்டும்.

விலைக் கணக்கு

இந்தச் சரக்கு தோலோடும் வரும், உரித்ததாகவும் வரும். தோலோடு வாங்கினால் எடையில் ஏறக்குறைய பாதி தோலாகப் போய்விடும். இதை வாடிக்கையாளருக்குக் கணக்கிட்டுக் காட்டுவது நல்லது. உதாரணத்துக்கு 400 கிராம் தோலோடு உள்ள பாக்கெட் 200 ரூபாய் என்றும், உரித்த பருப்பு 400 கிராம் 300 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பார்வைக்கு முதலாவது மலிவு. ஆனால் அதில் தின்னக் கிடைப்பது சுமார் 200 கிராம். அதாவது 100 கிராம் பருப்பு 100 ரூபாய். உரித்ததில் 100 கிராம் 75 ரூபாய்தான். குருமாவுக்கும் சுண்டலுக்கும் வாங்குபவருக்கு உரித்ததே லாபம். உரித்து உரித்துத் தின்னும் சுவைக்காக வாங்குபவருக்குத் தோலோடு உள்ளதே சரி. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தால் அந்த வாடிக்கையாளர் மறுபடி நம் கடைக்கே வருவார்.

அடிக்கடி வரும் கேள்விகள்

‘அண்ணாச்சி, மூட்டைச் சோயாவை விதைச்சு, காய் வந்ததும் பறிச்சு அவிக்கலாமா?’ மருந்து பூசாத சோயாவானால் முளைத்துக் காய்க்கும், அவித்துத் தின்னலாம். மணி சிறியதாக, இனிப்புக் குறைவாக இருக்கும். பறிக்கும் பருவம் சில நாள்களே, தாமதித்தால் முற்றிவிடும்.

‘அவிச்சது மீந்துபோனா?’ ஆறியதும் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

‘பாதிப் பாக்கெட்டை எப்படி வைக்கிறது?’ வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி உருகுவதற்குள் வாயை இறுகக் கட்டி மறுபடி உறைபெட்டியில் வைக்க வேண்டும்.

குளிர்ப்பெட்டி இல்லாத சிறு கடைக்காரர்கள் இந்தச் சரக்கை வாங்கிக் கைப்பொருளை முடக்க வேண்டாம். கேட்பவருக்கு விவரம் சொல்லி அனுப்பினாலே மதிப்புக் கூடும். பெட்டி உள்ளவர்களும் முதலில் பத்துப் பாக்கெட் வாங்கி வைத்து, கேட்பு எப்படி என்று பார்த்தபின் கூட்டிக்கொள்ளலாம். புதிய சரக்கில் முதல் லாபம் வாடிக்கையாளரின் நம்பிக்கை. பண லாபம் அதன் பின்னால் தானே வரும்.